வெளி வளையத்து ஒட்டுகள்

கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்டு மலரில் என் கணவரைப் பற்றி ஒரு பக்கம் போடுகிறார்களாம். அவர்களே எழுதிய பக்கத்தை அனுப்பி, திருத்தம் இருந்தால் சொல்லச் சொல்லியிருந்தார்கள். 'அமைதியானவர், கடமை தவறாதவர், அனைவரிடமும் அன்பாகப் பழகியவர்.' செத்துப் போனவர்கள் எல்லோருமே அமைதியானவர்கள்தான், இதைச் சொல்ல ஒரு மலர் எதற்கு? இருபது வருடத்துக்கு மேல் அங்கே உழைத்த மனிதரைப் பற்றி, வாசலில் நிற்கும் காவல்காரருக்கும் அப்படியே பொருந்துகிற மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். வந்த கோபத்தில் அதை மடித்து அலமாரிக்கு மேலே வீசிவிட்டேன். மறுநாள் நாற்காலி போட்டு ஏறி எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். பின்பக்கம் போதவில்லை.

அவர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். மாணவர்கள் எரித்துவிட்ட மீட்டர்களைச் சரி செய்வது, ஆசிரியர்கள் கேட்கிற சுற்றுகளைக் கட்டிக் கொடுப்பது, இதுதான் வேலை. முதல் மாடியில் எட்டு மேசைகள் போட்ட நீளமான அறை. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். கல்லூரியில் அவருக்குப் 'பத்தவெச்சவர்' என்று பட்டப்பெயர். பற்றவைக்கிறவர் என்றால் இங்கே கேட்டதை அங்கே சொல்லி இரண்டு பேருக்குள் மூட்டிவிடுகிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவரோ தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருகிறவர். ஈயம் வைத்துக் கம்பியைப் பற்றவைப்பதைத் தவிர வேறு எதையும் அவர் பற்றவைத்ததில்லை.

நானும் அதே தொழில்தான். எடை பார்க்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியில், வரிசையில் உட்கார்ந்து மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் வைக்கிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமே பயிற்சி நிலையத்தில் ஒரே மேசையில்தான் ஆரம்பித்தது. ஈயத்தால் நான் வைத்த ஒட்டை இவர் கேட்காமல் கொள்ளாமல் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்த்தார். "உங்க வேலையைப் பார்த்துக்கிட்டு போங்க" என்று கத்தினேன். அவர் லென்ஸை எடுத்து அந்த ஒட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "என் ஒட்டைவிட இது நல்லா இருக்கு" என்றார். காதல் கதை என்று எங்களுக்கு இருந்தது அவ்வளவுதான். அதற்கே நான் விழுந்துவிட்டேன்.

வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒட்டு வைத்ததும் ஆற விடுவார். இடுக்கியால் இழுப்பார். லென்ஸில் பார்ப்பார். மீட்டர் வைப்பார். எல்லாம் சரி என்றால் பக்கத்தில் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பார். பச்சைப் புள்ளி வைத்த ஒட்டு விட்டுப்போய் நான் கேள்விப்பட்டதில்லை. கல்லூரியில் எல்லோரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று பறப்பார்கள். இவர் காதில் வாங்கவே மாட்டார். அந்தப் பொறுமைக்காகவே ஒன்பது வருடமாகத் தற்காலிகத்திலேயே வைத்திருந்தார்கள் என்று நான் சண்டை போட்டதுண்டு.

அந்த ஒன்பதாவது வருடத்தில்தான் கணக்குத் துறைக்குப் புதிதாக வந்த மேடம் அவரைத் தேடி மாடியேறி வந்தார். கணக்குத் துறை ஆள் ஆய்வுக்கூடத்துக்கு வருவதே அதிசயம். அவர்களுக்குக் கரும்பலகை போதும். இந்த மேடத்துக்கு ஒரு மின்வலை வேண்டியிருந்தது. ஆயிரத்துச் சொச்சம் ரெசிஸ்டர்களை, தமிழில் சொன்னால் மின்தடைகளை, வைத்துக் கட்டின வலை.

ரெசிஸ்டர் வாங்க ஸ்டோர்ஸுக்கு எழுதின சீட்டில் மேடம் தன் ஆராய்ச்சித் தலைப்பை நல்ல தமிழில் எழுதியிருந்தார்: 'முடிவிலா மின்தடை வலைகளில் இசைச் சார்புகள்.' ஸ்டோர்ஸ்காரர் அதைக் கூட்டம் சேர்த்துப் படித்துக் காட்டினாராம். "முடிவே இல்லாத மின்தடையா? அது எங்க ஏரியாவுல ஏற்கெனவே இருக்குதே. அதுல பாட்டுக் கச்சேரி வேற வைக்கப் போறாங்களா?" என்று கேட்டு ஆளாளுக்குச் சிரித்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். இவர் மட்டும் சிரிக்காமல் ஒரு காகிதத்தை எடுத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு கிளை. ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டு. இரண்டு நாலாகி, நாலு எட்டாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிற முனைகளைப் பக்கத்து முனையோடு சேர்த்து ஒரு வளையம். ஒவ்வொரு கோடும் ஒரு ரெசிஸ்டர்.

"இதுல கரண்ட் விட்டா, ஒவ்வொரு முனையோட வோல்டேஜும் அக்கம்பக்கத்து முனைங்களோட சராசரியில போய் நின்னுக்கும். பக்கத்துல இருக்கறவங்க எவ்வளவோ, அதோட நடு. அதுக்குப் பேருதான் இசைச் சார்பு" என்றார்.

"சொந்தமா ஒரு புத்தியும் கிடையாதா? உங்க அண்ணன் மாதிரின்னு சொல்லுங்க."

"அவனை எதுக்கு இழுக்கற? கேளு. மேடம் இந்த வலை முடியவே முடியாதுன்னு வெச்சுக்கறாங்க. அப்படிப் போனா ஓரத்துல என்ன நடக்கும்னு பார்க்கறாங்க."

"முடியவே முடியாதுன்னா அப்புறம் ஏதுங்க ஓரம்?"

அவர் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "நானும் அதான் கேட்டேன். போய்ச் சேர முடியாதுதான். ஆனா எந்தப் பக்கமா போயிட்டே இருக்கோம்னு ஒண்ணு இருக்குல்ல? அதைத்தான் ஓரம்னு சொல்றாங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. என்னவோ, கேட்டதும் மனசில் உட்கார்ந்துவிட்டது. கணக்கில் நான் பள்ளிக்கூடத்திலேயே திண்டாடினவள்.

மேடம் நிரூபித்து வைத்திருந்தது இதுதான். முடிவில்லாத வலையை யாராலும் கட்ட முடியாது, எங்கேயோ நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்துகிற இடத்தில் கடைசி வளையத்து முனைகளை இரண்டு விதமாக விடலாம். அப்படியே திறந்து விடலாம். இல்லையென்றால் எல்லா முனைகளையும் ஒரே கம்பியில் சேர்த்துக் கட்டிவிடலாம். நடுவில் இரண்டு முனைக்கு இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் திறந்த போது ஓர் அளவு, கட்டின போது ஓர் அளவு வரும். ஆனால் வளையங்களைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த வித்தியாசம் குறைந்து, குறைந்து, இல்லாமலே போய்விடும் என்றார் மேடம். அவ்வளவு தூரத்தில் ஓரத்தைக் கட்டினால் என்ன, விட்டால் என்ன, நடுவில் இருப்பவருக்குத் தெரியவா போகிறது? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வெளியூர்ப் பேராசிரியர்கள் வருகிற கருத்தரங்கில் இதைப் பலகையிலேயே கட்டிக் காட்ட வேண்டும் என்று மேடத்துக்கு ஆசை. எட்டு வளையம். கடைசி வளையத்தில் மட்டும் இருநூற்று ஐம்பத்தாறு முனைகள். இவர் ஆறு வளையத்தைத் தனியாகவே முடித்தார். அதற்குள் கருத்தரங்கை மூன்று வாரம் முன்னதாகவே வைத்துவிட்டார்கள். இயற்பியல் துறைத் தலைவர் நெருக்கினார். கல்லூரிச் சாமானை வெளியே கொண்டு போகக் கூடாது என்பது சட்டம். இவர் வாழ்க்கையில் மீறின ஒரே சட்டம் அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு அகலப் பலகையைப் போர்வையில் சுற்றி, வாடகை வண்டியில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்.

"உன் கை வேணும். எனக்கு இதை விட்டா வேற வழி இல்லை" என்றார்.

இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. வெளிப்பக்கத்து இரண்டு வளையத்தையும் நான்தான் வைத்தேன். ஏழாவதில் நூற்று இருபத்தெட்டு, எட்டாவதில் இருநூற்று ஐம்பத்தாறு. ஜன்னல் பக்கமாக மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும் வரை. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். நான் வைத்துக்கொண்டே போக, அவர் பின்னாலேயே இழுத்துப் பார்த்து, மீட்டர் வைத்து, பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். ஒன்றையாவது கழித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம். கழியட்டும் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு திமிர். முடிவில் "முந்நூத்து எண்பத்து நாலு. ஒண்ணு கூடக் கழியலை" என்று மேசையைத் தட்டினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றால் அந்த நான்கு நாட்களைத்தான் கேட்பேன்.

திங்கட்கிழமை மேடம் முன்னால் அளந்தார்கள். நாலாவது வளையத்தோடு நிறுத்தியபோது வித்தியாசம் நூற்றுக்குப் பத்து இருந்தது. ஆறாவதில் ஏழரை. எட்டாவதில் இரண்டு, மூன்றுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது மேடத்தின் கணக்கு. மீட்டர் ஏழு காட்டியது. மறுபடி அளந்தார்கள், ஏழு. மீட்டரை மாற்றினார்கள், ஏழு.

மேடம் கெட்டவர் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் யோசித்தார். கணக்குச் சரி, நான்கு பேர் பார்த்துச் சரி என்று சொன்ன கணக்கு. ஆறு வளையம் வரை குறைந்துகொண்டு வந்தது, அதற்கு மேல் நின்றுவிட்டது. ஆக, வெளியில் இருக்கிற இரண்டு வளையத்தில்தான் கோளாறு. ஒட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் திறந்திருக்கும்போது தடை கூடுதலாகக் காட்டும். முனைகளைக் கட்டினதும் கரண்ட் அந்த ஒட்டுகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும், வித்தியாசம் பெரிதாகத் தெரியும். கேட்டால் யாரும் தலையாட்டுகிற காரணம்தான்.

"அண்ணா, வெளி ரெண்டு வளையத்துல ஒட்டு சரியில்லைன்னு நினைக்கறேன்" என்றிருக்கிறார்.

இவர், "எல்லாம் சரியா இருக்கு மேடம். நான் பார்த்துட்டேன்" என்றிருக்கிறார்.

துறைத் தலைவருக்கு இந்த 'பார்த்துட்டேன்' பிடிக்கவில்லை. கருத்தரங்கில் பலகையை ஏன் காட்டவில்லை என்று கேள்வி வரும், அதற்குக் கோப்பில் காரணம் வேண்டும். பலகையைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, அன்றைக்கே ஒரு தாளை அடித்து இவர் கையில் கொடுத்தார். 'வெளி இரண்டு வளையங்களில் உள்ள ஒட்டுகள் என் கவனக்குறைவால் தரமற்றுப் போயின என்று ஒப்புக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அதே வாரம் இவரை நிரந்தரமாக்குகிற கோப்பும் அவர் மேசையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பேச அவருக்கு வாய் கூசவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இது வந்தாத்தான் அது போகும்" என்றாராம்.

திங்கள், செவ்வாய், புதன். தாள் எங்கள் சாப்பாட்டு மேசைமேலேயே கிடந்தது. இவர் சாப்பிட உட்காருவார், அதைப் பார்ப்பார், எழுந்துவிடுவார்.

"யாருங்க இதைப் படிக்கப் போறாங்க? கோப்புல போட்டு மூடிடுவாங்க. போட்டுக் குடுத்துட்டு வாங்க" என்றேன்.

"ஒட்டு நல்லா இருக்கு. இல்லாததை நான் எப்படி எழுதறது?"

"நீங்க நீதிபதியா? ஒன்பது வருஷம் போச்சு. இதுவும் போனா இன்னொரு ஒன்பது வருஷம் காத்திருக்கப் போறீங்களா?"

"அது நீ வெச்ச ஒட்டு. அது தரமில்லைன்னு என் கையால எழுதித் தர மாட்டேன்."

அதுதான் விஷயம். தாளில் கவனக்குறைவு என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் ஒருவேளை விழுங்கியிருப்பார். என் ஒட்டைக் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு அது அப்போது பெருமையாக இருந்ததா என்றால் இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் மூன்று நாளாகச் சாப்பிடாமல், ஒரு காகிதத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறார். நான் யோசித்தேன். என்னால்தானே மாட்டிக்கொண்டிருக்கிறார், நானே அவிழ்த்து விடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரமாக வந்தேன். அவர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கடைசி வளையத்துல நான் ஒழுங்கா வைக்கலை."

"என்ன சொல்ற?"

"எனக்கு இடுப்பு வலி. சீக்கிரம் முடிச்சா போதும்னு ஆயிடுச்சு. பாதிக்கு மேல சூடு ஏர்றதுக்கு முன்னாடியே ஈயத்தைத் தொட்டுத் தொட்டு விட்டுட்டேன். எல்லாம் டிரை சால்டர்தான்."

அவர் என்னையே பார்த்தார். "நான் இழுத்துப் பார்த்தேனே."

"இழுத்தா தெரியுமா?"

"மீட்டர் வெச்சுப் பார்த்தேன். லென்ஸ்ல பார்த்தேன். பளபளன்னு இருந்துச்சு."

"மேலே பளபளன்னுதான் இருக்கும். உள்ள பிடிச்சிருக்காது. மீட்டர் வெக்கறப்போ சரியாக் காட்டும், அப்புறம் விட்டுடும். எங்க லைன்ல நான் எத்தனை பார்த்திருக்கேன். உங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து ஒட்டு, எனக்கு ரெண்டாயிரம். எனக்குத் தெரியாதா?"

வாய் கூசாமல் சொன்னேன். துறைத் தலைவரைச் சொல்லிப் பயனில்லை, நானும் அதே ஜாதிதான். அத்தனையும் பொய். அந்த முந்நூற்று எண்பத்து நான்கில் ஒன்றைக்கூட நான் அவசரமாக வைக்கவில்லை. அவர் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வருகிறார் என்பதற்காகவே, கம்பெனியில் வைப்பதைவிடப் பத்து மடங்கு கவனமாக வைத்தேன். அதைச் சொல்லாமல், அவருக்குத் தெரிந்த ஒரே வித்தையைத் தூக்கி எறிந்து பேசினேன். கையெழுத்துப் போட வைக்க வேறு வழி தெரியவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "பரவாயில்லை, இடுப்பு வலின்னா சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "முந்நூத்துச் சொச்சம். ஒண்ணுல கூட எனக்குத் தெரியலை பாரு" என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நிரந்தரம் வந்தது. பலகையைக் கழித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மேடத்தின் கட்டுரை அச்சில் வந்தது. எங்கள் வீட்டில் புது மேசை வாங்கினோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டது ஒரு மூன்று, நான்கு மாதம்தான்.

முதலில் பச்சை மையை நிறுத்தினார். கேட்டதற்கு "தீர்ந்துடுச்சு" என்றார். அப்புறம் ஒரு ஒட்டை வைத்துவிட்டு நான்கு தடவை, ஐந்து தடவை பார்க்க ஆரம்பித்தார். பார்த்து முடித்தபின் ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, முதலிலிருந்து வைப்பார். ஒரு மீட்டரைச் சரி செய்ய ஒரு நாள் என்றிருந்தது ஒரு வாரம் ஆனது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். புதிதாக வந்த ஒரு ஆசிரியர், "இவர்கிட்ட குடுத்தா அடுத்த பரீட்சைக்குத்தான் வரும்" என்றாராம். முன்பும் மெதுவானவர்தான், ஆனால் அது நம்பிக்கையோடு மெதுவாகச் செய்கிறவரின் வேகம். இது வேறு. இது பயம்.

மூன்றாம் வருடம் தானாகவே எழுதிக் கொடுத்து ஸ்டோர்ஸுக்கு மாறிக்கொண்டார். ரெசிஸ்டர் வேண்டும் என்று சீட்டு வந்தால் எண்ணிக் கொடுக்கிற வேலை. ஸ்டோர்ஸ்காரர் நல்ல மனிதர், "வாங்க, இங்கே பத்தவைக்க ஒண்ணும் இல்லை, நிம்மதியா உட்காருங்க" என்று வரவேற்றாராம். அவர் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியின் பிளக் கருகிவிட்டது. நான் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் "கொஞ்சம் மாத்தி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், தெருமுனைக் கடையிலிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து அதை மாற்றிக்கொண்டிருக்கிறார். இவர் பக்கத்தில் நின்று அவருக்குத் திருப்புளியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று திருகாணி. நான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன் என்பதும் உண்மை. "ஏங்க, அன்னைக்கு அந்தப் பலகை" என்று ஆரம்பித்தேன். அவர், "அதை விடு. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இடுப்பு வலியோட எவ்வளவுதான் செய்வ" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் எழுந்து போய் அரிசி களைந்தேன். முதல் வருடம் சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பேன். ஐந்தாம் வருடம் சொல்ல, ஐந்து வருடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பத்தாம் வருடம் அது முடியவே முடியாத காரியமாகிவிட்டது. நான் சொன்னது பொய் என்று சொன்னால், வேலை போனாலும் பரவாயில்லை என்று அவர் நின்ற இடத்திலிருந்து அவரை நான்தான் தள்ளிவிட்டேன் என்று ஆகிறது. கோழைத்தனம், வேறென்ன? கம்பெனியில் என் வாய்க்குப் பயந்து மேற்பார்வையாளரே ஒதுங்கிப் போவார். வீட்டுக்குள் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பதினான்கு வருடம் போய்விட்டது. அவர் ஓய்வு பெற்று எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். கணக்கு மேடம். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு உறை.

"அண்ணா இருக்காரா, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், இவரைப் பார்த்ததும் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா, உங்க பலகை சொன்னதுதான் சரி. என் கணக்குத் தப்பு."

இவருக்கு எந்தப் பலகை என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

வேறு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து யாரோ எழுதியிருக்கிறார்களாம். மேடத்தின் நிரூபணத்தில் ஒரு படி நிற்காது என்று. மேடம் உட்கார்ந்து, உறையிலிருந்து காகிதத்தை எடுத்து, இவர் அன்றைக்கு எனக்குப் போட்டுக் காட்டின அதே வலையைப் போட்டார்.

"வளையம் போட்டுட்டா எல்லாப் பக்கமும் ஒண்ணாக் கலந்துடும்னு நினைச்சேன். தட்டையான வலையா இருந்தா அப்படித்தான் கலக்கும். இது கிளைவிட்டுப் போற வலை. வெளியே போகப் போக வளையம் நீளமாயிட்டே போகுது. இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கத்துக்குச் சுத்தி வரவே முடியாது. நான் ஓரம் ஒண்ணுதான்னு நினைச்சுட்டேன் அண்ணா. ஒண்ணு இல்லை. பக்கத்துக்கு ஒரு ஓரம். அதனால ஓரத்தைத் திறந்து விடறதும் கட்டி விடறதும் எவ்வளவு தூரம் போனாலும் ஒண்ணாகாது. இப்போ சரியாப் போட்டுப் பார்த்தேன். எட்டு வளையத்துக்கு ஏழு வருது. நீங்க அளந்தது ஏழு."

பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "திருத்தம் எழுதி அனுப்பிட்டேன். அதுல உங்க அளவைப் போட்டிருக்கேன். அன்னைக்கே நீங்க சொன்னீங்க, பார்த்துட்டேன்னு. நான் என் கணக்கை நம்பினேன். என்னை மன்னிச்சிடுங்க."

இவர் சிரித்தார். பதினான்கு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. "ஏழா? ஏழேதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். காகிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். "ஒட்டுல கோளாறு இல்லைன்னு சொல்றீங்க" என்றார். மேடம், "ஒண்ணுல கூட இல்லை அண்ணா. ஒரு ஒட்டு போயிருந்தாலும் இவ்வளவு சரியா ஏழு வந்திருக்காது" என்றார். நான் டீ போடுகிறேன் என்று எழுந்து போய், அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றிருந்தேன்.

மேடத்தை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்போ நீ வெச்சது?"

"நல்ல ஒட்டுதாங்க. எல்லாமே."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க கையெழுத்துப் போடணும்னுதான். சாப்பிடாம கிடந்தீங்க. நிரந்தரமும் போயிடும்னு பயந்தேன்."

கத்துவார் என்று நின்றேன். கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஒரு கணக்கு இப்போதுதான் புரிகிற மாதிரி.

"நான் இழுத்துப் பார்த்தது சரியாத்தான் இருந்திருக்கு" என்றார்.

"ஆமாங்க."

"எல்லாத்தையும் சரியாத்தான் பார்த்திருக்கேன்."

"ஆமாங்க."

"மேடம் சொன்னப்போ நான் நம்பலை. தலைவர் சொன்னப்போவும் நம்பலை. வேற யார் வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. "வேலையில இருக்கறப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா."

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.